பவளத்துக்குத் துளையே சாட்சி

பவளத்தை நிறம் பார்த்து வாங்குகிறவர்களோடு எனக்கு என்றுமே ஒத்துப்போனதில்லை. ரத்தச் சிவப்பா, கிச்சிலிச் சிவப்பா, ரோஜா ஓடுகிறதா என்று மாலையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அவர்கள் விவாதித்துக்கொண்டே இருப்பார்கள். நான் கேட்பது ஒரு ஐகிளாஸும் ஒரு டார்ச்சும். மணியைத் திருப்பி அதன் வாயைப் பார்ப்பேன். நிறத்தைச் சாயம் கொடுத்துவிடும், பளபளப்பை மெழுகு கொடுத்துவிடும். மூன்று தலைமுறை நூலில் தொங்கிய துளையை மட்டும் எந்தச் சாயக்காரராலும் உண்டாக்க முடியாது.

ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். துளை போடுவதும், போட்ட துளையை அளப்பதும், அளவு தவறினால் அந்த உருப்படியைத் தள்ளுவதும்தான் என் பிழைப்பாக இருந்தது. அதனால்தானோ என்னவோ, பழைய வெள்ளியும் பவளமும் சேர்க்க ஆரம்பித்ததும் என் கண் நேராகத் துளைக்குத்தான் போயிற்று. தொழிற்சாலையில் எந்தத் துளையை விலக்கிவைப்போமோ அதைத்தான் இங்கே நான் தேடித்தேடி வாங்குகிறேன்.

கையால் மணி துளைக்கிறவர், வில்லை முன்னும் பின்னும் இழுத்துத் துளையிடும் தமரைச் சுழற்றுகிறவர், ஒரே பக்கமாக முழுவதும் துளைக்கமாட்டார். முனை வெளியே வரும் இடத்தில் பவளம் சில்லு பெயர்ந்துவிடும். பாதி வந்ததும் மணியைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் ஆரம்பிப்பார். இரண்டும் சந்திக்கும் இடத்தில் துளை உடுக்கை போல இடை சிறுத்திருக்கும். பல மணிகளில் இரண்டும் நேராகச் சந்திப்பதே இல்லை. மயிரிழை விலகி, உள்ளே ஒரு சின்னப் படி விழுந்திருக்கும். டார்ச்சை ஒரு பக்கம் வைத்து மறுபக்கம் கண்ணை வைத்தால், சிவந்த இருட்டுக்குள் அந்தப் படி பிறை மாதிரி வெளுத்துத் தெரியும். துளைத்தவரின் கை அங்கே தெரிகிறது. திருப்பிப் பிடித்தபோது எவ்வளவு பிசகினார், பிசகியதை உணர்ந்து எந்தப் பக்கம் சாய்த்தார் என்பதுகூடத் தெரியும். இன்று இயந்திரத்தில் போடும் துளை இந்த வாயிலிருந்து அந்த வாய்வரை ஒரே விட்டத்தில் போகும். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு நூல் செய்த வேலை. மணி தொங்கும்போது பாரம் ஒரு பக்கமே விழுகிறது. பருத்தி நூல் அந்தப் பக்கத்தை ஆண்டுக்கணக்கில் ராவிக்கொண்டே இருக்கும். வட்டமாக இருந்த வாய் நீள்வட்டமாகிவிடும், விளிம்பு மழுங்கிவிடும். அடுத்தது கறை. தாலிச் சரட்டில் இருந்த பவளமென்றால் துளைக்குள் மஞ்சள் ஏறியிருக்கும். தினமும் குளிக்கும்போது பூசிய மஞ்சள் நூல்வழியே உள்ளே போய் ஊறியது. எத்தனை கழுவினாலும் போகாது. வெள்ளிக் குண்டுக்குப் பக்கத்தில் கோர்த்திருந்த பவளமென்றால் வாயைச் சுற்றி மெல்லிய கரிய வளையம் இருக்கும், அது வெள்ளி கறுத்து உரசிய தடம். தங்கத்துக்குப் பக்கத்தில் இருந்த மணிக்கு அது இராது. இலங்கையிலிருந்து வந்த மணிகளில் மஞ்சளைக் காண்பது அரிது. அவற்றில் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்த பழுப்புத்தான். ஆக, மணி எங்கே இருந்தது, எதனோடு இருந்தது, யார் கழுத்தில் இருந்தது என்று மூன்றையும் துளை சொல்லிவிடும். மேல்நிறம் இதில் எதைச் சொல்லும்?

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் என் கைக்கு வரும் ஒரு பவள மணி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை நினைத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். நகைப் பவளம் நம் கடலில் விளைவதில்லை. மன்னார் வளைகுடாவின் பாறைப் பவளம் வேறு சாதி. பட்டினப்பாலை பவளத்தைக் கீழைக் கடலோடு சேர்த்துச் சொல்கிறது. ரோமானியர் காலத்துக் கப்பல் குறிப்போ முசிறிக்கு வந்து இறங்கிய சரக்குகளில் பவளத்தையும் சேர்க்கிறது. ரோமானியர் நம் முத்துக்கு மயங்கினார்கள், நாம் அவர்கள் பவளத்துக்கு மயங்கினோம் என்கிற பொருளில் பிளினி எழுதிவைத்திருக்கிறார். அந்த மயக்கம் பதினேழாம் நூற்றாண்டிலும் குறையவில்லை. லண்டனிலும் இத்தாலியின் லிவோர்னோவிலும் இருந்த போர்த்துகீசிய யூத வணிகர்கள் பவளத்தை மதராஸுக்கு அனுப்பிக் கோல்கொண்டா வைரத்தை வாங்கிப் போனார்கள். 1688-இல் மதராஸ் மாநகராட்சி உண்டானபோது அதன் ஆல்டர்மேன்களில் யூத வணிகர்களும் இருந்தார்கள். முத்தியால்பேட்டையில் இன்றும் பவளக்காரத் தெரு இருக்கிறது. அந்தத் தெருவில் இன்று பவளம் விற்கவில்லை என்றாலும் பெயர்ப்பலகையைப் பார்க்கவாவது ஒருமுறை போய் வரலாம்.

மத்தியதரைக் கடல் பவளம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடப் பருக்காது. சுண்டைக்காய் அளவு மணி ஒன்றைக் கடைந்தெடுக்க வேண்டுமானால் அந்தக் கொடி கடலுக்கடியில் பல பத்தாண்டுகள் நின்றிருக்க வேண்டும். பிறகு கப்பல், பிறகு பவளக்காரத் தெரு, அங்கிருந்து மேற்கே பூந்தமல்லி, திருமழிசை, திருவள்ளூர் என்று தெலுங்கு பேசும் வீடுகளின் தாலிச் சரடு. தாலியின் இரு பக்கமும் பவளமும் கருகமணியும் கோர்க்கும் வழக்கம் அந்த வீடுகளில் இன்னும் இருக்கிறது. வசதியுள்ளவர்கள் இடையிடையே தங்கக் குண்டு வைத்தார்கள். இல்லாதவர்கள் வெள்ளிக் குண்டு வைத்தார்கள். எனக்கு இல்லாதவர்களின் சரடுதான் அழகு. தங்கத்துக்குப் பக்கத்தில் பவளம் அடங்கிப்போகிறது, இரண்டுமே சூடான நிறம். கறுத்த வெள்ளிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பவளம் எழுந்து நிற்கும்.

இதைச் சொன்னால் முகப்பேரில் இருக்கும் என் நண்பர் சிரிப்பார். அவர் கெம்புக் கல் வைத்த கோயில் நகைக்காரர். ராக்கொடி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, ஜடைநாகம் என்று அவர் வீட்டு பீரோ திறந்தால் ஒரு பரதநாட்டிய அரங்கேற்றமே நடத்தலாம். அவருடைய ரசனையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வடசேரிப் பட்டறை வேலையின் நேர்த்தி யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அது மேடைக்கும் சந்நிதிக்குமான நகை. தூரத்திலிருந்து பார்ப்பதற்கென்றே செய்தது. நான் சேர்ப்பது தோலில் கிடந்து தேய்ந்த நகை. குழந்தையின் பல் பட்டு நசுங்கியது, அரிவாள்மணையில் உட்கார்ந்தவள் குனிந்தபோது மார்பில் ஆடியது. கை தொட்டுத்தான் அதைப் பார்க்க முடியும். நண்பருக்கு இது ஏழ்மையின் நகை. எனக்கு அது அளவறிந்த நகை. இந்த விவாதம் எங்களுக்குள் தீரவேயில்லை, தீரவும் வேண்டாம்.

ராஜஸ்தான், திபெத் வெள்ளியைச் சேர்க்கிறவர்கள் இன்னொரு பக்கம். அங்கே பவளம் பெரிது, வெள்ளி கனம், எல்லாமே உரக்கப் பேசும். கண்காட்சிகளில் அவை நன்றாக எடுபடும். அவற்றின் முன்னால் நம் பக்கத்துச் சரடு ஒன்றுமில்லாததுபோலத் தெரியும். கண்டி வெள்ளி அப்படியில்லை. நம்முடையதைப் போலவே அளவாகப் பேசும், ஆனால் வேலையின் நுட்பத்தில் நம்மைத் தாண்டிப்போகும். என் சேகரிப்பில் பாதிக்கு மேல் சிங்களப் பட்டறை வேலை இருப்பதற்கு அதுதான் காரணம்.

எனக்கு அந்த வழியைக் காட்டியவர் ஆனந்த குமாரசுவாமி. இலங்கைக் கனிமவியல் ஆய்வின் இயக்குநராக 1903 முதல் 1906 வரை இருந்தவர். பாறை தேடி ஊர் ஊராகப் போன இடத்தில் பட்டறைகளைக் கண்டார். 1908-இல் வெளிவந்த அவருடைய ‘மீடீவல் சின்ஹலீஸ் ஆர்ட்’ மொத்தம் 425 பிரதிகள்தான் அச்சானது. வில்லியம் மோரிஸ் பயன்படுத்திய அதே கை அச்சுப்பொறியில் அடித்தார்கள். படங்களை எடுத்தவர் அவர் மனைவி எத்தல். நான் மறுபதிப்பைத்தான் வைத்திருக்கிறேன். தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஒரு நிலவியலாளர், சிங்களக் கைவினைஞரின் அடுப்பு, சுத்தியல், அவருக்கு ராஜா விட்ட நிலம், அவர் பாடிய பாட்டு வரை எழுதிவைத்திருக்கிறார். நகைப் புத்தகம் என்றால் விலைப்பட்டியலும் வண்ணப்படமும் என்று ஆகிவிட்ட இந்தக் காலத்தில், ஒரு பதக்கத்தைப் பற்றிப் பேச அதைச் செய்தவரின் சோற்றிலிருந்து ஆரம்பிக்கும் அந்தப் புத்தகத்தை இன்னும் யாரும் மிஞ்சவில்லை என்பது என் தீர்மானமான கருத்து. அவரிடம் ஒரே குறை, பொன்னையும் வெள்ளியையும் செதுக்குச் செதுக்காகப் பார்த்தவர் மணி கோர்த்த நூலுக்கு அதே பொறுமையைத் தரவில்லை.

கண்டி வேலையில் இரண்டு விஷயங்களை யாரும் தவறவிட முடியாது. ஒன்று லியவெல, சுருண்டு சுருண்டு போகும் கொடி. மற்றது விளிம்பில் ஓடும் பலாபெத்தி, தாமரை இதழ் வரிசை. சுண்ணாம்புச் சிமிழ், இடுப்புச் சங்கிலி, கொண்டை ஊசி எதை எடுத்தாலும் இந்த இரண்டும் இருக்கும். கண்டியை ஆண்ட கடைசி அரச மரபு 1739 முதல் 1815 வரை நம் பக்கத்து நாயக்கர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ரசனை கப்பலில் இரண்டு பக்கமும் போய்வந்திருக்கிறது. ராஜா போன பிறகு பட்டறைகளுக்கு ஆதரவும் போயிற்று என்பதுதான் குமாரசுவாமியின் ஆற்றாமை.

இத்தனை சொன்னதும் நான் பேச விரும்பிய அந்த ஒரு பொருளுக்கு வருவதற்காகத்தான். ஐம்படைத்தாலி, திருமாலின் ஐந்து ஆயுதங்களைப் பொறித்துக் குழந்தைக்குப் போடும் காப்பு.

என்னிடம் இருப்பது ஆலிலை வடிவத்தில், கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய வெள்ளித் தகடு. அரக்கில் பதித்துப் பின்பக்கமிருந்து தட்டியெழுப்பிய வேலை. மேலே வில், அதன் நாண் ஒரே உளிக்கோடு. வலப்புறம் வாள், இடப்புறம் தண்டு, நடுவில் சக்கரமும் சங்கும். சக்கரத்துக்கு ஆரம் எட்டு. அதில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் குட்டை, ஏனென்றால் சங்கின் வாய் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. சங்கைக் குறைக்க மனமில்லாமல் ஆரத்தைக் குறைத்திருக்கிறார் அந்தத் தட்டார். சுற்றிலும் பலாபெத்தி. அடியில் இதழ்கள் தேய்ந்து வெறும் மேடாகிவிட்டன, மேலே இன்னும் கூர்மையாக இருக்கின்றன. குழந்தை தவழும்போது தரையில் உரசிய பக்கம் அது. பின்பக்கம் தடவினால் ஐந்து ஆயுதமும் பள்ளமாக விரலுக்குத் தட்டுப்படும். கண்ணை மூடிக்கொண்டே எது சங்கு, எது தண்டு என்று சொல்லிவிடலாம்.

தகட்டின் இரு பக்கமும் பவளம், வெள்ளிக் குண்டு, பவளம், வெள்ளிக் குண்டு என்று கோர்வை. பவளங்கள் எல்லாம் ஒரே அளவில்லை. தகட்டை நெருங்க நெருங்கப் பெருக்கின்றன. நிறம் வெளிறிய கிச்சிலி. ஒன்றிரண்டில் புழு அரித்த குழிகள் உண்டு. நிறக்காரர்கள் இதைக் கையால்கூடத் தொடமாட்டார்கள். துளைகளின் வாயைப் பார்த்தேன். அத்தனையிலும் கரிய வளையம் இருக்கிறது. அதாவது இந்தப் பவளங்கள் தொடக்கம் முதலே இந்த வெள்ளியோடுதான் இருந்திருக்கின்றன, யாரும் எங்கிருந்தோ கொண்டுவந்து சேர்க்கவில்லை. சேகரிக்கிறவர்களுக்கு இந்த ஒரு வரியின் அருமை தெரியும்.

இதை எனக்குக் கொடுத்தவர் போரூரில் குடியிருந்த ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. 1983 கலவரத்துக்குப் பிறகு வந்த குடும்பம். அவருடைய தகப்பனார் கண்டியில் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தபோது அங்கேயே ஒரு பட்டறையில் சொல்லிச் செய்வித்தது. பேரப்பிள்ளைகள் கனடாவில், அவர்களுக்குத் தங்கத்தில் புதிதாகச் செய்தாயிற்று. “முப்பத்தொண்டுக்குப் போட்டது, தம்பி. நூலை மட்டும் மாத்திப் போடாதேங்கோ” என்றார். குழந்தை பிறந்த முப்பத்தொன்றாம் நாளைச் சொன்னார். நூலை நான் மாற்றவில்லை.

இலங்கையில் ஐம்படைத்தாலியைப் பஞ்சாயுதம் என்பார்கள். யாழ்ப்பாணத்து வீடுகளிலும் சிங்கள வீடுகளிலும் பிறந்த குழந்தைக்கு அதைப் போடும் வழக்கம் இன்றும் இருக்கிறது, கொழும்பு நகைக்கடைகளில் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். இங்கேயோ, புறநானூற்றில் போருக்குப் போகும் இளம் பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடிய பாட்டிலும், பெரியாழ்வாரின் தாலாட்டிலும் இருக்கும் அந்த நகை வீட்டைவிட்டுப் போய்விட்டது. பூந்தமல்லிப் பக்கம் அது போயிருக்கக் கூடாது. சுதர்சனத்தின் அம்சமாக வைணவர்கள் கொண்டாடும் திருமழிசை ஆழ்வார் பிறந்த ஊர் இங்கிருந்து கூப்பிடு தூரம். பொய்கையார் சங்கு, பூதத்தார் தண்டு, பேயார் வாள் என்று ஆயுதங்களையே ஆழ்வார்களாகப் பார்த்த மரபு நம்முடையது. ஜகந்நாதப் பெருமாள் சந்நிதிக்குப் போய் வரும் எத்தனையோ வீடுகளில் குழந்தை கழுத்தில் ஐம்படை ஒன்று இருக்கிறதா என்று பார்த்திருக்கிறேன். பொம்மை டாலர்தான் இருக்கிறது.

பழைய வெள்ளி எங்கே போகிறது என்பதை அறிய அடகுக் கடைகளில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும். அம்பத்தூர் ஓ.டி.யிலும் ஆவடி மார்க்கெட் பக்கமும் பூந்தமல்லியிலும் எனக்குப் பழக்கமான கடைகள் உண்டு. நல்ல மனிதர்கள். டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைப்பார்கள். ஆனால் அவர்கள் தொழிலில் நூல் என்றால் கழிவு, மணி என்றால் கழிவு, அரக்கு என்றால் கழிவு. தராசில் ஏற்றும் முன் கத்தரியால் ஒரு வெட்டு. சரடு அறுந்து மணிகள் தட்டில் சிதறும். வெள்ளியை மட்டும் பொறுக்கி, உள்ளே அரக்கு இருந்தால் சுட்டு இறக்கி, டச் பார்த்து எடை போடுவார்கள். மணிகள் மேஜைக்கடியில் இருக்கும் பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். பவளமும் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் கருகமணியும் ஒன்றாகக் கலந்து கிடக்கும் அந்த டப்பாக்கள்தான் என் பள்ளிக்கூடம். கடைக்காரர்கள் அதை ஒரு பொருட்டாகவே எண்ணமாட்டார்கள். துளை பார்க்கப் பழகியதே அங்கேதான். பொறுக்கியெடுத்த பவளங்களைத் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து, எந்தக் கடை, எந்த மாதம் என்று எழுதிவைத்திருக்கிறேன். அவை எந்த வெள்ளியோடு இருந்தன என்பது மட்டும் கத்தரி பட்ட அந்த நொடியிலேயே போய்விடுகிறது. அதை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

2025 அக்டோபரில் சென்னையில் வெள்ளி கிராம் 200 ரூபாயைத் தாண்டியது. அதற்கு முந்தைய ஆண்டு அதே மாதம் நூற்றுச் சொச்சம். அப்படி விலை ஏறும்போதெல்லாம் பரணிலிருந்து பழைய வெள்ளி இறங்கிவிடுகிறது. தண்டை, அரைமூடி, குழந்தைக் காப்பு, வெற்றிலைப் பெட்டி, சுண்ணாம்புக் கரண்டகம் என்று ஒரு வீட்டின் நூறு வருஷம் ஒரே பிளாஸ்டிக் பையில் வரும். பீஸ் கட்ட வேண்டும், ஆஸ்பத்திரிச் செலவு என்று வருகிறவர்களை நான் ஒரு சொல் சொல்லமாட்டேன். வெள்ளி அதற்காகத்தான் வீட்டில் இருந்தது. விலை ஏறியிருக்கிறது, கறுப்பாக இருக்கிறது, யார் போடப் போகிறார்கள் என்று மட்டும் சொல்லி வருகிறவர்களிடம்தான் எனக்கு வருத்தம்.

கறுப்பாக இருக்கிறது! வெள்ளி கறுக்கத்தான் வேண்டும். பள்ளத்தில் கறுப்பும் மேட்டில் வெளுப்புமாக நின்றால்தான் லியவெல கொடியாகத் தெரியும். கடையில் விற்கும் திரவத்தில் முக்கியெடுத்தால் எல்லாம் ஒரே வெளுப்பாகிவிடும், வேலை கண்ணுக்குத் தெரியாது. அந்தத் திரவத்தின் அமிலம் பவளத்தின் மேல்தோலையும் தின்றுவிடும். பவளம் சுண்ணாம்புச் சத்துதான், புளியும் எலுமிச்சையும் அதற்குப் பகை. என் வழி எளிது. விபூதியைத் துணியில் தொட்டு வெள்ளியை மட்டும் மேலாகத் துடைப்பேன். ரொம்ப அழுக்கென்றால் தட்டார்கள் செய்வதுபோலப் பூந்திக்கொட்டைத் தண்ணீர், அதுவும் நூலில் படாமல். பவளத்துக்கு ஈரத்துணி போதும். எலுமிச்சைச் சாறு விட்டு நுரைத்தால் நிஜப் பவளம் என்று சோதிக்கச் சொல்கிறவர்களைப் பக்கத்தில் விடாதீர்கள். சிப்பியும் சுண்ணாம்புக் கல்லும்கூடத்தான் நுரைக்கும், நுரைத்த பிறகு உங்கள் மணியின் மெருகு போய்விட்டிருக்கும். பாலில் போட்டால் பால் சிவக்கும் என்பதும் அப்படித்தான். பால் சிவந்தால் சாயம் கரைகிறது என்று அர்த்தம்.

சாயப் பவளம் இன்று எல்லாக் கோயில் வாசலிலும் கிடைக்கிறது. ஆழ்கடலில் எடுக்கும் மூங்கில் பவளத்தைக் கடைந்து சிவப்பேற்றியது. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துளையோரம் துடைத்தால் பெரும்பாலும் பஞ்சு சிவந்துவிடும். அதன் பக்கத்தில் வைக்க ‘ஆன்டிக் ஃபினிஷ்’ என்று பிறக்கும்போதே கறுப்படித்த குண்டுகள், அல்லது ஜெர்மன் சில்வர். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த அந்த உலோகத்தில் வெள்ளி துளிகூடக் கிடையாது. திருமண மண்டபங்களில் இளம்பெண்கள் கழுத்தில் இவற்றைப் பார்க்கிறேன். அழகாகத்தான் போட்டுக்கொள்கிறார்கள். பழைய வடிவத்தின் மேல் அவர்களுக்கு ஆசை வந்திருப்பதே எனக்குச் சந்தோஷம். அந்த ஆசைக்கு ஈடான பொருளை யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை என்பதுதான் குறை. இன்னொரு கொடுமை ஜோதிடத்தால் வந்தது. செவ்வாய்க்கு மோதிரம் போடக் குறையில்லாத சிவப்பு வேண்டுமென்பதால், நல்ல பழைய பெரிய மணிகளை இரண்டாக அறுத்து மோதிரக் கல்லாக மாற்றுகிறார்கள். அறுத்த கல்லின் அடியைத் திருப்பிப் பார்த்தால் பாதித் துளை ஓடை மாதிரி திறந்து கிடக்கும், படியோடு. அதைப் பார்க்க எனக்கு மனம் தாங்குவதில்லை.

நல்லவேளையாக, கோர்க்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதுவும் பக்கத்திலேயே. ஆவடி பருத்திப்பட்டு நரிக்குறவர் குடியிருப்பில் ஒரு வயதான அம்மா. திருவேற்காட்டிலும் மாங்காட்டிலும் கோயில் வாசலில் விரித்து உட்காருவார். பவளத்தைக் கையில் கொடுத்தால் ஐகிளாஸ் கேட்கமாட்டார். மணியைக் கீழுதட்டில் ஒரு கணம் வைத்துப் பார்ப்பார், துளை வாயில் நகத்தால் ஒரு சுற்றுச் சுற்றுவார், அவ்வளவுதான். கண்ணாடியையும் சாயத்தையும் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத் தருவார். நான் ஐகிளாஸ் வைத்துப் பார்த்தும் அவர் பிரித்ததில் ஒன்றைக்கூட மாற்ற வேண்டியிருந்ததில்லை.

அவர் கோர்ப்பதைப் பார்க்க வேண்டும். கால் கட்டைவிரலில் நூலை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொள்வார். பருத்தி நூலைத்தான் எடுப்பார், முறுக்கி, மெழுகு தேய்த்து, முனையை ஊசியாக்கிக்கொள்வார். ஒவ்வொரு பவளத்துக்கும் பின்னால் ஒரு முடிச்சு. முடிச்சு துளைக்குள் பாதி இறங்கி நிற்க வேண்டும், வெளியே நின்றால் மணி ஆடும், முழுதும் உள்ளே போனால் முடிச்சு போட்டதே வீண். துளையின் வாய் ஒவ்வொரு மணிக்கும் வேறு. அதனால் முடிச்சும் ஒவ்வொன்றுக்கும் வேறு. நைலான் நரம்பில் ஏன் கோர்ப்பதில்லை என்று கேட்டேன். நரம்பு அறாது, மணியைத்தான் அறுக்கும் என்றார். உண்மை. வாரக்கணக்கில் விளக்கிச் சொல்ல வேண்டிய தேய்மானக் கணக்கை ஒரு வரியில் சொல்லிவிட்டார். நூல் மெதுவாகவே ராவும், தானும் தேய்ந்து, நேரம் வந்ததும் அறுந்து மணியைக் காப்பாற்றும். நரம்பு தேயாது, துளையின் விளிம்பைக் கத்திபோல அறுத்துக்கொண்டே போகும். கடைகளில் ‘ஸ்ட்ராங்கா இருக்கும் சார்’ என்று நரம்பில் மாற்றிக் கொடுத்த எத்தனையோ பழைய சரடுகளில் துளை வாய் பிளந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

2022 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத் திருத்தம் நிறைவேற்றி நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைத் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்தது. எத்தனையோ ஆண்டுக் கோரிக்கை. அவர்கள் பிள்ளைகள் படித்து வேலைக்குப் போவது இனி எளிதாகும், ஆக வேண்டும். அந்த அம்மாவின் பேத்தி கல்லூரிக்குப் போகிறாள். கோர்வையை அவளும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. இந்தக் கைவேலையைக் கற்க வேண்டியவர்கள் என்னைப் போன்ற சேகரிப்பாளர்கள்தான். லட்சக்கணக்கில் நகை வைத்திருப்பார்கள், ஒரு முடிச்சு போடத் தெரியாது. நான் அவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு உட்காருதலுக்கும் அவர் சொன்ன கூலியைக் கொடுக்கிறேன். நீங்களும் போகலாம். போனால் பேரம் பேசாதீர்கள்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் வெண்கலங்களுக்கு முன்னால் மணிக்கணக்கில் நிற்கிறோம், நிற்க வேண்டியதுதான். நம் வீட்டுப் பெண்கள் போட்ட பவளமும் வெள்ளியும் கோர்வை கலையாமல், யார் போட்டது, எந்த ஊர் என்ற குறிப்போடு ஒரு தனிக் கண்ணாடிப் பெட்டியில் இருக்க வேண்டும். அது வரும்வரை அந்தக் கண்ணாடிப் பெட்டி நம் வீடுகள்தான்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். பரணில் பாட்டியின் சரடு இருந்தால் நூலை அறுக்காதீர்கள், நூல் இற்றுப்போயிருந்தால் அப்படியே ஒரு வெள்ளைத் துணியில் கிடத்தி, மணிகள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று படமெடுத்துவிட்டுப் பிறகு தொடுங்கள். யார் போட்டது, யாருக்குப் போட்டது என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். வெள்ளியைப் போட்டே தீர வேண்டிய நிலை என்றால் போடுங்கள், அதில் தவறே இல்லை. ஆனால் கடைக்காரர் கத்தரியை எடுக்கும் முன் நீங்களே மணிகளைக் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். எடையில் கழித்துவிட்டதால் அவற்றுக்கு அவர் காசு கொடுக்கவில்லை. அந்தப் பவளம் உங்களுடையது.